ஹூக் மட்டும்தான் பாக்கி

சரவணம்பட்டியில் என் கடைக்கு ஒரே ஒரு நடை வந்து ஜாக்கெட் வாங்கிப் போனவர்கள் என்று யாரும் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். 'வெங்கடலட்சுமி லேடீஸ் டெய்லர்' என்று போர்டு மாட்டியிருக்கிறேன், ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் நான் லட்சுமியக்கா. லட்சுமியக்கா தையல் நேர்த்தி, வாய் நீளம், தேதி மட்டும் சுத்தப் பொய் என்று இந்தச் சத்தி ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குப் புதன்கிழமையே வேண்டும் என்று அவர்களும் என்னிடம் புளுகுவார்கள். நாங்கள் அப்படியே பழகிவிட்டோம்.

எங்கள் தொழிலில் பொய்க்கும் படிகள் உண்டு. 'வெட்டியாச்சுங்க' என்றால் துணி இன்னும் பையை விட்டே வெளியே வரவில்லை என்று அர்த்தம். 'மிஷின்ல இருக்குதுங்க' என்றால் இனிமேல்தான் கத்தரியைத் தேடப் போகிறேன். 'ஹூக் மட்டும்தான் பாக்கி' என்றால், தாயே, உங்கள் துணி எந்த ஆணியில் தொங்குகிறது என்றே எனக்குத் தெரியாது. இருப்பதிலேயே நல்ல பொய் இதுதான். கேட்டதும் கோபமாக வந்த முகம்கூட மலர்ந்துவிடும். ஹூக் வைப்பதும் கை ஓரம் மடித்துத் தைப்பதும் பின் தெருப் பொன்னாத்தாள் தன் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஆகவே 'பொன்னாத்தா ஊட்டுல இருக்குது' என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், எங்கே காட்டு பார்க்கலாம் என்றும் யாரும் கேட்க முடியாது.

இந்தப் பொய்யால் யார் குடியும் கெட்டதில்லை. திட்டுவார்கள், 'இனி உங்க கடைப் பக்கமே வரமாட்டேன்' என்பார்கள், அடுத்த பண்டிகை நோம்பிக்கு மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். போன ஆவணி வரைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

தெய்வாத்தாள் அக்காவுக்குக் கோவில்பாளையம் தாண்டி உள்ளே தோட்டம். பாக்கும் தென்னையும் நிறைய. பதினைந்து வருடமாக என்னிடம்தான் தைத்தார். அவர் ஒரே மகள் ரித்திகாவுக்கும் பாவாடை தாவணிக் காலத்திலிருந்து நான்தான் அளவெடுத்தேன். ரித்திகா படித்து, எங்கள் கடைக்குப் பக்கத்திலிருக்கும் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்பு தமிழ்ச்செல்வனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். தமிழ்ச்செல்வன் யாரென்றால், அதே தோட்டத்தில் காலமெல்லாம் தண்ணீர் கட்டிய மாசாணத்தின் மகன். போதாதா? ரித்திகாவின் அப்பா தம்பிதுரை அன்றைக்கே கிணற்றடியில் தலை முழுகினார். எனக்கு மகளே இல்லை என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அக்காவையும் முழுகச் சொன்னார். அக்காவும் முழுகினார். அதற்கப்புறம் என் கடையில் ஐந்து வருடம் அந்தப் பெண்ணின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆவணி பிறந்த வாரம் ஒரு மத்தியானம் வந்தார். சிறுமுகைப் பட்டுச் சேலை ஒன்றை மேசைமேல் வைத்தார். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை.

"ஏனுங்க அம்மணி, இதுல ஜாக்கெட் துணிய வெட்டியெடுத்துத் தைக்கோணும். சீலைக்கு ஃபால்ஸும் வைக்கோணும்" என்றார். அளவு ஜாக்கெட்டையும் பக்கத்தில் வைத்தார்.

அளவு ஜாக்கெட்டை விரித்தேன். மயில் நீலம், மேல் ஹூக் ஒன்று போயிருந்தது. முப்பத்திரண்டு இஞ்ச் இருந்தால் அதிகம். அக்காவோ நாற்பத்திரண்டு. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க்கா, இதுக்குள்ள உங்க ஒரு கை நுழைஞ்சாலே பெருசுங்க. சின்னப் புள்ளையாகப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கண் நிறைந்து வந்தது. கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ரித்திகாதுங்க. உண்டாயிருக்கறாளாமா. ஏழாம் மாசம்னு பால் சொசைட்டில ஒருத்தி சொன்னா. பெத்தவதானுங்களே கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டுபோயிப் போடோணும்? ஒறம்பரை சொந்தபந்தத்தக் கூட்டிச் செய்ய எனக்குக் குடுத்து வைக்கலீங்க. இந்தச் சீலையும் ஜாக்கெட்டும் என்ற கையால குடுத்து, ஒரு வாய் ஊட்டிப்போட்டாப் போதும். வெறுங்கையோட மட்டும் அவ மூஞ்சில முழிக்க மாட்டனுங்க."

"அது சரிங்க்கா. ஆனா இது அஞ்சு வருசத்துக்கு முந்துன அளவு. வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்கு இது எப்படிங்க பத்தும்? இப்ப என்ன அளவுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க அம்மணி" என்றார். "என்ற புள்ள இப்ப என்ன அளவுல இருக்கறான்னு எனக்குத் தெரியாதுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "தெரியாதுன்னா? சாமி வந்து சொல்லும்னு நான் உக்காந்திருக்கறதா? அவள நானே கூப்புட்டு அளவெடுக்கறன். நீங்களும் வாங்க, அவளும் வரட்டும். இந்தக் கடையில வச்சே உங்க கையால குடுங்க. எவன் கேக்கறான்னு பாக்கறன்" என்று கத்தினேன். மேசைமேல் இருந்த பாபின் டப்பா கீழே விழுந்து நூல் சுற்றிய பாபின்கள் நாலா பக்கமும் உருண்டன. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

தம்பிதுரை திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பாக்கு விஷயமாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடுவார். அன்றைக்குத்தான் அக்கா வெளியே வர முடியும். அடுத்த வாரத்து வியாழன், காலை பதினொரு மணி என்று முடிவு செய்தோம். அக்காவுக்குப் போன் செய்து எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. வீட்டிலிருக்கிற ஒரே போன் தம்பிதுரையின் சட்டைப் பையில் இருக்கும்.

"அன்னைக்கு ரெடியாயிருமுங்களா அம்மணி?" என்று கேட்டார். அவருக்கும் என்னைத் தெரியுமே.

"மத்தவிங்களுக்குச் சொல்றாப்புல இல்லீங்க்கா. இது சத்தியம்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

படி இறங்கினவர் திரும்பி வந்தார். "உள்ளுக்குள்ள துணி தாராளமா உட்டுத் தைங்க. ரெண்டு இஞ்சாச்சும் இருக்கோணும். இன்னும் ஒடம்பு ஊதும், கொழந்த பொறந்தாப் பால் கட்டும். அப்பப்ப ஒரு தையல் பிரிச்சுட்டுப் போட்டுக்கட்டும்."

பழைய பில் புத்தகத்தில் இருந்த ரித்திகாவின் நம்பருக்கு அன்று சாயங்காலமே போன் செய்தேன். மறுநாள் ஆபீஸ் முடிந்து கழுத்து அட்டையோடு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கன்னம் பூரித்திருந்தது. மேசைமேல் இருந்த மயில் நீலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது நான் காலேஜ் கடைசி நாளுக்குப் போட்டதுக்கா. ஊட்ல இருந்துச்சு. உங்ககிட்ட எப்படி?"

சொன்னேன். ஜாக்கெட்டைக் கையில் எடுத்தாள். உடனே கீழே வைத்துவிட்டாள்.

"அஞ்சு வருசம்க்கா. ஒரு போன் இல்ல. நான் என்ன செத்தா போயிட்டேன், தலை முழுகறதுக்கு? இப்ப எதுக்கு ஜாக்கெட்டு?"

"ஏண்டி, உங்கம்மா கையில போன் இருந்தாத்தானடி பண்ணுவாங்க? உங்கப்பன் பையில கெடக்குது. கைய மேல தூக்கு, அளவெடுக்கோணும்" என்று அதட்டினேன்.

தூக்கினாள். டேப்பைச் சுற்றிப் பிடித்தபோது அவள் உடம்பு குலுங்கியது. அழுதுகொண்டே நின்றாள். நானும் முப்பத்தேழு என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தாளில் எழுதினேன். வேறு என்ன செய்வது?

"எங்கம்மா என்னையப் பாத்தா அழுவாங்களாக்கா, திட்டுவாங்களா?"

"ரெண்டும்தான்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டர்றேன். அவர்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்றாள். அடுத்த நாள் போன் செய்து, "அவரு சொல்லிட்டார்க்கா, நீ மட்டும் போ, என்னையும் சேத்துப் பாத்தா அத்தை பயந்துக்குவாங்கன்னு" என்றாள். நல்ல பிள்ளை அந்தத் தமிழ்ச்செல்வன்.

பத்து நாள் இருந்தது. பத்து நாளில் ஒரு ஜாக்கெட் என்ன, இருபது தைக்கலாம். சேலையிலிருந்து துணியை வெட்டி எடுத்தேன். சேலையைப் பொன்னாத்தாளிடம் அனுப்பி ஃபால்ஸ் வைத்து வாங்கினேன். ஜாக்கெட் துணி மட்டும் பையில் தொங்கியது. ஆவணி முகூர்த்தம் என்னைப் போட்டு நெரித்தது. கணபதியிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒன்பது ஜாக்கெட். அவள் அம்மா தினமும் வந்து என் தலைமேல் உட்கார்ந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், அக்காவின் துணியை நான் மறக்கவே இல்லை. இதை மற்ற துணிகளோடு போட்டு அவசரமாக அடிக்கக் கூடாது, கழுத்துக்கு அரக்கில் பைப்பிங் வைத்து நிதானமாகத் தைக்க வேண்டும் என்று ஆசை ஆசையாகத் தள்ளிக்கொண்டு போனேன். புதன்கிழமை பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து, கல்யாணக்காரியின் கடைசி ஜாக்கெட்டை அரை மணியில் முடித்துவிட்டு இதில் கையை வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்கா பத்தேகாலுக்கே வந்துவிட்டார்.

தலையில் மல்லிகை வைத்திருந்தார். நான் அவரைப் பூவோடு பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கையில் ஒயர் கூடை. அதில் ஒரு பெட்டி வளையலும் நான்கு அடுக்குத் தூக்குப்போசியும் இருந்தன.

"கோயிலுக்குன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டு நாலு மணிக்கே எந்திரிச்சு ஆக்குனனுங்க. புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காச் சோறு, தயிரு. புளிச்சோத்துல நெலக்கடலை நெறையப் போட்டிருக்கறேன். அவ கடலையாத்தான் பொறுக்கித் தின்பா" என்றார். மூச்சு வாங்கியது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டம் என்றார். நானும் பஸ் கூட்டம்தான் என்று நினைத்தேன்.

"ஜாக்கெட்டக் காட்டுங்க அம்மணி. அவ வரதுக்குள்ள ஒருக்காப் பாத்துக்கறேன்."

இன்னும் அளவுக்கு வெட்டவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டியிருப்பார். அவ்வளவுதானே? ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஹூக் மட்டும்தானுங்க பாக்கி. பொன்னாத்தா ஊட்டுல இருக்குதுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "பின் தெருதானுங்களே? நீங்க வேலையப் பாருங்க, நானே போயி வாங்கிட்டு வந்தர்றன்" என்று கூடையை வைத்துவிட்டு எழுந்தார்.

"ஐயோ, உக்காருங்க நீங்க. நான் போன் போட்டுக் கேக்கறன்" என்று உள்ளே ஓடினேன்.

உள் அறையில் ஆணியில் அந்தப் பை தொங்கியது. பத்து நாளுக்கு முன் எப்படி மடித்தேனோ அப்படியே துணி உள்ளே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ரித்திகாவும் வந்துவிடுவாள். எங்கேக்கா ஜாக்கெட் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்கள். கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவள் இரண்டு பேர் முன்னாலும் திருதிருவென்று முழிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் என் தலையில் இருந்தது என் மானம் மட்டும்தான். வெறுங்கையோடு பார்க்க மாட்டேன் என்று அக்காவே சொன்னாரே என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமைதான் இருக்கிறதே!

ரித்திகாவுக்குப் போன் செய்தேன்.

"வந்துட்டே இருக்கேன்க்கா" என்றாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு வேண்டாங் கண்ணு. ஹூக் மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை இதே நேரத்துக்கு வந்துரு. உங்கம்மாவுக்கும் ஆள் மூலமாச் சொல்லியனுப்பியாச்சு. அவங்களும் திங்கக்கிழமைதான் வாராங்க."

"சரிங்க்கா" என்றாள். "அம்மா நல்லா இருக்காங்களா?"

"நல்லாருக்கறாங்க" என்றேன். இடையில் இருந்தது ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வளையல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, "ஏனுங்க்கா, ரித்திகாவுக்கு ஆபீசுல திடீர்னு மீட்டிங்காமா. இப்பத்தான் சொன்னா. திங்கக்கிழமை கட்டாயம் வாராளாமா" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு பொய். அதுவும் தயங்காமல் வந்தது.

அக்கா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "மீட்டிங்கு முடிஞ்சு ஒருவேளை வந்தாலும் வருவா. செத்த நேரம் இருந்து பாக்கறனுங்க" என்றார்.

ஒரு மணி வரைக்கும் இருந்தார். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் நிமிர்ந்தார். எனக்கு மிஷினில் கை ஓடவில்லை. இரண்டு தடவை போனை எடுத்தேன். அவளைத் திரும்பக் கூப்பிட ஒரு நிமிடம் போதும். 'பொய் சொல்லிட்டேன், ஓடி வா' என்று சொன்னால் ஓடி வந்திருப்பாள். முதல் தடவை கல்யாணக்காரியின் அம்மா வந்தாள். இரண்டாவது தடவை யாரும் வரவில்லை. நான்தான் வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்கு எழுந்தார்.

"வர மாட்டாளுங்க. அன்னைக்கு நானும்தானுங்களே தலை முழுகுனேன்? அவளுக்கு மனசு ஆறலை."

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா. மீட்டிங்குதான்."

"சரிங்க அம்மணி" என்றார். நம்பவில்லை என்று முகம் பார்த்தாலே தெரிந்தது. தூக்குப்போசியைக் கூடையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். "ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. கெட்டும் போயிரும். நீங்க சாப்புட்டுப்போடுங்க. போசிய அன்னைக்கு வந்து வாங்கிக்கறன். திங்கக்கிழமை புதுசா ஆக்கியாரேன்."

படி இறங்கும்போது கேட்டார். "உள்ள துணி உட்டிருக்கறீங்கல்ல?"

"ரெண்டு இஞ்ச் உட்டிருக்கறனுங்க" என்றேன்.

காலையில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தயிர்ச் சோற்றைப் பொன்னாத்தாளுக்குக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் நானே தின்றேன். புளிச்சோறு அப்படி இருந்தது. கடலையைக் கடித்துக் கடித்துத் தின்றேன். கையை நக்கினேன். அப்புறம் போசியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அந்த ஒரு ஜாக்கெட்டைத் தவிர எதையும் தொடவில்லை. முப்பத்தேழு அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு இஞ்ச் உள்ளே விட்டு, பிரிக்க வசதியாகப் பக்கத்துக்கு மூன்று தையல் ஓட்டினேன். கழுத்துக்கு அரக்குப் பைப்பிங் வைத்தேன். கை ஓரத்தையும் நானே மடித்துத் தைத்தேன். பொன்னாத்தாளுக்கு அனுப்ப மனமில்லை. மூன்று மணி இருக்கும். ஊசியில் நூல் கோத்து முதல் ஹூக்கை எடுத்தேன். அப்போது கோவில்பாளையத்து வாடிக்கைக்காரி ஒருத்தி போன் செய்தாள்.

"லட்சுமியக்கா, விஷயம் தெரியுமுங்களா? நம்ம தெய்வாத்தாக்கா காலையில பால் கறக்கப் போனவங்க கட்டுத்தரையிலயே உழுந்துட்டாங்களாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டாங்க. மாரடைப்புங்கறாங்க."

நான் போனேன். தோட்டத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ரித்திகா வந்தாள். தமிழ்ச்செல்வன் ரோட்டோரத்தில் வண்டியோடு நின்றுகொண்டான். எங்கள் ஊரில் சண்டை போட வந்தவனைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்றுதான் கேட்போம். வயிற்றுப் பிள்ளையோடு பெற்றவளைப் பார்க்க வந்த பெண்ணை ஒருத்தரும் 'வா' என்று கேட்கவில்லை. தம்பிதுரை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் நின்று, ஆட்களுக்கு இடையில் தெரிந்த மட்டும் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். நான் பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் வாயும் திறக்கவில்லை.

இருபது நாள் கழித்துக் கடைக்கு வந்தாள். வயிறு இன்னும் இறங்கியிருந்தது. படியேற என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஜாக்கெட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். "யோசிச்சுப் பாத்தேன். ஹூக்கெல்லாம் ஒரு சாக்குத்தான். அம்மாவுக்கு அன்னைக்கு வரதுக்கு பயமா இருந்திருக்கும். அதான் திங்கக்கிழமைன்னு தள்ளிப்போட்டிருக்காங்க. பாவம் அவங்க. எனக்குக் கோவமெல்லாம் இல்லைக்கா."

அம்மா செய்யாத தப்பை மன்னித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் ஆமாங் கண்ணு என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. இருபத்திரண்டு வருடப் பொய்யில் அதுதான் ஆக லேசானது. ஆனால் அந்தப் பெண் தன் அம்மாவைப் பாவம் என்றது எனக்குப் பொறுக்கவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டாத துணி, பத்தேகால், மல்லிகைப் பூ, திரைக்குப் பின்னால் நின்று நான் பேசிய போன், மீட்டிங், ஒரு மணி வரை அவர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்றையும் விடவில்லை.

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்க்கா. அதோ, அந்த எதிர் ஸ்டாப்புல நின்னுதான் உங்ககிட்டப் பேசுனேன். எளநி ஒண்ணு குடிச்சுட்டு அடுத்த பஸ்ல திரும்பிப் போயிட்டேன்."

இரண்டு நிமிட நடை. ரோட்டைத் தாண்டினால் கடை.

"நான் வரலைன்னு நெனச்சுட்டேதான் போனாங்களா?"

"ஆமாங் கண்ணு."

"என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு மனசு ஆறலைன்னாங்க."

"ஆறிருச்சேக்கா" என்றாள். "ஆறித்தானே வந்தேன்." இதையே மூன்று நான்கு தடவை சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அலமாரியிலிருந்து ஃபால்ஸ் வைத்த பட்டுச் சேலையையும் தூக்குப்போசியையும் எடுத்துக் கொடுத்தேன். போசியை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பிடியில் நெளிந்திருந்த இடத்தைத் தடவினாள்.

"எனக்கு என்ன கொண்டாந்திருந்தாங்க?"

"கட்டுச்சோறு."

"அதெங்க?"

"நான் தின்னுபோட்டேன்" என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போசியைக் கழற்றி, ஒவ்வொரு அடுக்காக மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நான்கையும் மோந்து பார்த்துவிட்டு மறுபடி அடுக்கினாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவிட்டீங்கக்கா. சோப்பு வாசம்தான் வருது" என்றாள்.

நான் மிஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. ஏன் தேற்ற வேண்டும்? அழுது முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஜாக்கெட்டக் குடுங்க, போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டாள். என்னைக் கூப்பிட்டாள். முன்பக்கம் சேரவில்லை, இருபது நாளில் உடம்பு அவ்வளவு ஏறியிருந்தது. கழற்றி வாங்கி, பிளேடால் பக்கத்துக்கு ஒரு தையல் பிரித்துக் கொடுத்தேன். மறுபடி போட்டாள். அளவாக உட்கார்ந்தது. உள்ளே மடிந்திருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் இவ்வளவு துணி இருக்குது?"

"உங்கம்மா விடச் சொன்னாங்க. கொழந்த பொறந்தா ஒடம்பு ஊதும், பால் கட்டும், அப்பப்ப பிரிச்சுப் போட்டுக்கட்டும்னு."

அப்போதுதான் அவள் அழுதாள். முன்பக்கத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த மடிப்பைப் பிடித்துக்கொண்டு, அம்மா அம்மா என்று சின்னப் பிள்ளைபோலச் சத்தமாக அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தொடவில்லை. தொட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வேற என்னக்கா வேலை இருக்குது இதுல?"

"ஹூக் மட்டும்தான் பாக்கி" என்றேன்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஜாக்கெட்டைத் திருப்பி வெறும் ஹூக் பட்டியைக் காட்டினேன். கோத்த நூலோடு ஊசி மேசைமேல் ஹூக் அட்டையில் குத்தியிருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை குத்தியபடியே.

"நான் இருந்தே வாங்கிட்டுப் போறேன்" என்றாள்.

அம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூலில், அம்மாவின் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து ஹூக் வைத்தேன். மொத்தம் ஐந்து ஹூக். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.